மல்லிகைக்கு என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு

பதிவு நீளம். அவசரக்காரர்கள் இப்போதே ஒரு லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பங்குனி பிறந்ததிலிருந்து என் வாட்ஸ்அப் முழுக்க மல்லிகை இலைதான். மஞ்சளான இலை, கறுத்த இலை, சுருண்ட இலை, ஓரம் கருகிய இலை. நாற்று நம்ம தங்கச்சிமடத்து நாற்று. அங்கே மணலில் வேர் பிடிக்க வைத்த மல்லிகை நாற்றுதான் மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் சத்தியமங்கலத்துக்கும் போகிறது. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கும் நம்ம கடற்கரைதான் தாய்வீடு. அந்தப் பெருமையெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறது. ஆனால் படத்துக்குக் கீழே எல்லாரும் எழுதுவது ஒரே வரி: "டீச்சர், என்ன மருந்து அடிக்கலாம்?"

இதுவரை வந்தவற்றில் ஒருவர்கூட "டீச்சர், செடிக்கு என்ன செய்கிறது?" என்று கேட்கவில்லை. நோய் தெரியும் முன்பே மருந்து வேண்டும். 948ஆம் குறளை எத்தனை முறை எழுத வைத்தேன்! மறந்தவர்கள் எடுத்துப் பாருங்கள். மருந்து என்ற அதிகாரத்தில் வருகிறது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது, எதைக் கடைசியில் செய்வது என்று வரிசை இருக்கிறது. நீங்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்கிறீர்கள்.

முதலில் அந்த மருந்து என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை. காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, வயலில் அடிப்பதும் மருந்து. "மருந்தடிச்சாச்சா?" என்று கேட்கிறோம். அதே வாயால், பக்கத்துத் தெருவில் ஒருவன் உயிரை விட்டால் "மருந்தைக் குடிச்சுட்டானாம்" என்று சொல்கிறோம். அந்த இடத்தில் மட்டும் அது என்னவென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அது நஞ்சு. பூச்சியைக் கொல்வதற்காகச் செய்த நஞ்சு. தேவைப்படும் இடத்தில் நஞ்சைப் பயன்படுத்தலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் நஞ்சு என்று சொல்லிக் கேளுங்கள். "டீச்சர், என் மல்லிகைக்கு என்ன நஞ்சு அடிக்கலாம்?" என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள், கை தயங்கும். அந்தத் தயக்கம்தான் எனக்கு வேண்டும்.

2013 ஜூலை 16ஆம் தேதியை ஆசிரியர்கள் யாரும் மறக்கக் கூடாது. பீகாரில் சரண் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமைத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது. காய்கறிகளுக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005லேயே மத்திய அரசு தடை போட்ட நஞ்சு அது. தடை தாளில் இருந்தது, டப்பா சமையலறைக்குள் வந்துவிட்டது. நானும் சத்துணவுக்கூடத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் வருஷக்கணக்கில் பாடம் நடத்தியவள். அந்தச் செய்தியைப் படித்த வாரம் எங்கள் பள்ளியில் எண்ணெய் டின்னை மோந்து பார்க்காமல் அடுப்பு பற்றவைக்க விடவில்லை. சமையல் அம்மாவுக்கு என் மேல் கோபம்தான், பரவாயில்லை.

"நீங்க ஆசிரியர் பயிற்சி முடித்தவர்தானே, விவசாயப் படிப்பா படிச்சீங்க?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நான் இடைநிலை ஆசிரியைதான். ஐந்தாம் வகுப்பு அறிவியலில் "இலைதான் தாவரத்தின் சமையலறை" என்று சொல்லிக்கொடுத்தவள். அந்த ஒரு பாடம் போதும் தம்பி. சமையலறையில் சோறு வேகவில்லை என்றால் அரிசி இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, அடுப்பு எரிகிறதா என்று பார்ப்போமா, இல்லை கரப்பான்பூச்சி மருந்து தெளிப்போமா?

இனி இலைக்கு வருகிறேன். மஞ்சள் இலை என்று ஒரு நோய் கிடையாது. காய்ச்சல் மாதிரி அது ஓர் அறிகுறி. எந்த இலை மஞ்சள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நுனியில் இருக்கும் இளம் இலை வெளுத்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறை. செடிக்குள் இரும்பு ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் நகராது. பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்குக் கொடுக்கச் செடியால் முடியாது, அதனால் புது இலைதான் முதலில் பட்டினி கிடக்கும். அடியில் இருக்கும் முதிர்ந்த இலை முழுசாக மஞ்சளாகி உதிர்ந்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறை. தழைச்சத்து நகரும். தாய் தன் பங்கைப் பிள்ளைக்குக் கொடுப்பது மாதிரி பழைய இலை தன்னிடம் இருப்பதைப் புது இலைக்குக் கொடுத்துவிட்டு உதிரும். நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி பழுப்பாக இருந்தால் உப்பு. கடல் பக்கம் பார்த்த இலைகள் மட்டும் அப்படி இருந்தால் ஆடிக்காற்று கொண்டுவந்த உப்பு. செடி முழுக்க இருந்தால் நீங்கள் ஊற்றும் தண்ணீரின் உப்பு. செடியே சோர்ந்து, தண்ணீர் ஊற்றியும் தலை தொங்கி, மெல்ல மெல்ல வெளுத்தால் மண்ணைக் கிளறி வேரைப் பாருங்கள். வேரில் மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. வேர் அழுகிக் கறுத்து நாறினால் நீங்கள் அளவுக்கு மீறித் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்.

இதில் எந்த ஒன்றுக்கும் இலையில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி தீர்வு இல்லை. இன்னொருமுறை படியுங்கள். இத்தனை மஞ்சளில் ஒன்றுக்குக்கூட இல்லை.

நம்ம ஊர்ப் பக்கம் மிக அதிகமாக வருவது முதலாவதும் மூன்றாவதும். சேதுக்கரையில் நின்று ஒரு பிடி மணலை அள்ளிப் பாருங்கள், பாதி கிளிஞ்சல் தூள். கிளிஞ்சல் என்றால் சுண்ணாம்பு. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை, இருக்கிற இரும்பு வேருக்குக் கிடைக்காதபடி பூட்டிக் கிடக்கிறது. உங்கள் வீட்டு மண் எப்படி என்று தெரிய வேண்டுமா? ஒரு தட்டில் காய்ந்த மண் ஒரு பிடி போட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். நுரை பொங்கினால் சுண்ணாம்பு. பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்யுங்கள், செல்போனைக் கீழே வைப்பார்கள்.

இராமநாதபுரத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஓர் ஆராய்ச்சி மையம் வைத்திருக்கிறது. அதன் பெயரே கடலோர உவர் ஆராய்ச்சி மையம். உவர் மண்ணுக்கென்றே ஒரு மையத்தைக் கொண்டுவந்து நம்ம மாவட்டத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? நம்ம செடிகளின் முதல் பிரச்சினை காலுக்கடியில் இருக்கிறது என்று அர்த்தம். புல்லும் பனையும் வேலிக்கருவையும் தானாக வளர்கிற ஊர் இது. இராமபிரான் தர்ப்பைப் புல்லில் படுத்த இடம் என்றுதான் நம்ம ஊருக்கே பெயர், மல்லிகைப் படுக்கை என்று யாரும் சொல்லவில்லை. இங்கே மல்லிகை வைக்க ஆசைப்பட்டால் மண்ணோடு பேசித்தான் ஆக வேண்டும்.

என் அண்ணன் மகள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வாசலில் இரண்டு குண்டுமல்லிச் செடி, ஐந்து வருஷச் செடி, ஆள் உயரம். தை முடியும்போது கொழுந்தெல்லாம் வெளுத்துவிட்டது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டவுனில் ஒரு உரக்கடையில் காட்டியிருக்கிறாள். கடைக்காரர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "பூச்சி விழுந்திருக்கும்மா, இது மூணையும் கலந்து அடிங்க" என்று மூன்று பாட்டில் கொடுத்திருக்கிறார். 1,140 ரூபாய். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டு.

பாட்டில்களை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். ஒன்றில் மஞ்சள் முக்கோணம், இரண்டில் நீல முக்கோணம். இந்த முக்கோணம் எத்தனை பேருக்குத் தெரியும்? பூச்சிக்கொல்லி டப்பா எல்லாவற்றிலும் சாய்த்து வைத்த சதுரம் ஒன்று இருக்கும், அதன் கீழ்ப்பாதி முக்கோணத்தின் நிறம்தான் நஞ்சின் அளவு. சிவப்பு மிகக் கொடியது, அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியில் பச்சை. எழுத்துத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்று வைத்த நிறம். எழுதப் படிக்கத் தெரிந்த, எம்.காம். முடித்த என் அண்ணன் மகளுக்குத் தெரியவில்லை. கடைக்காரருக்குத் தெரியும், சொல்லவில்லை. லேபிளில் எந்தப் பயிருக்கு என்று எழுதியிருந்தது: பருத்தி, நெல், மிளகாய். மல்லிகை இல்லை. மூன்றையும் கலக்கலாம் என்று எந்த லேபிளும் சொல்லவில்லை.

"அடிக்காதே, சாயந்தரம் வர்றேன்" என்று சொல்லிப் போய்ப் பார்த்தேன். கொழுந்து வெளுப்பு, பச்சை நரம்பு, அடி இலை ஓரம் கருகல். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பூச்சி இல்லை. செடிக்குப் பக்கத்தில் சுவரிலிருந்து மெல்லிய வெள்ளைக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. என்னடி இது என்றேன். "ஆர்.ஓ. மெஷின்ல கழிவுத்தண்ணி வருதுல்ல அத்தை, அதை வீணாக்கக் கூடாதுன்னு செடிக்கு விட்டுட்டோம்."

பிள்ளைகளே, ஆர்.ஓ. மெஷின் என்ன செய்கிறது? தண்ணீரில் இருக்கும் உப்பைப் பிரித்து, நல்ல தண்ணீரை நமக்குக் கொடுத்துவிட்டு, பிரித்த உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. அதாவது ஏற்கெனவே உப்பான நம்ம ஊர் போர் தண்ணீரை விடவும் உப்பான தண்ணீர் அது. நீங்கள் குடிக்க முடியாது என்று கழித்த உப்பு, உங்கள் பங்கோடு சேர்த்துச் செடிக்குப் போகிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், கக்கூஸுக்கு ஊற்றுங்கள். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்ல எண்ணம்தான். அதற்காக வாயில்லாச் சீவன் தலையில் கட்டுவதா? இந்த ஒரு குழாயைப் பிடுங்கினாலே நம்ம மாவட்டத்தில் பாதி வீட்டு மல்லிகை பிழைக்கும் என்பது என் எண்ணம்.

குழாயைப் பிடுங்கினோம். அரிசி களைந்த தண்ணீரும், காவிரித் தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடமும் செடிக்கு என்று ஏற்பாடு. தூரைச் சுற்றி மக்கிய சாணி எரு, அதன் மேல் வேப்பந்தழை மூடாக்கு. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கச் சொன்னேன். சித்த மருந்தில் போடும் அதே அன்னபேதிதான், இரும்பு உப்பு. கட்டி பச்சையாக இருக்க வேண்டும். துருப்பிடித்த மாதிரி பழுப்பாகிவிட்டால் வாங்காதீர்கள், செடிக்கு உதவாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம், நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் இரண்டு பக்கமும் நனையத் தெளிக்க வேண்டும். மாதம் ஒருமுறை, வெளுப்பு மாறும் வரை. மண்ணில் கொட்டினால் சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும், அதனால்தான் இலைவழி. சிமெண்ட் தரையில் பட்டால் கறை போகாது, அதற்கு என்னைத் திட்டக் கூடாது. செலவு முப்பது ரூபாய்க்குள். மூன்றாவது வாரம் வந்த கொழுந்து பச்சை. ஓரம் கருகிய பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அது உதிரட்டும்.

அந்த மூன்று பாட்டிலையும் திருப்பிக் கொடுக்கப் போனபோது கடைக்காரர் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "ஆளுக்கொரு டாக்டர் ஆயிட்டீங்க" என்றாராம். ஆமாம் ஐயா, ஆக வேண்டியிருக்கிறது. வைத்தியம் பார்க்க வேண்டியவர் விற்பனையாளராகவும் இருந்தால் ஒவ்வொரு நோய்க்கும் அலமாரியில் இருப்பதுதானே மருந்து? இரும்புக் குறைக்கு அவரிடம் என்ன லாபம்? விற்றே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருப்பவரிடம் போய் "எனக்கு என்ன வேண்டும்" என்று கேட்கும் நம் மேலும் பிழை இருக்கிறது.

பூச்சியே கிடையாது என்று சொல்லவில்லை. இருக்கிறது. ஆனால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இலையின் முதுகைப் படம் எடுத்து அனுப்புகிறீர்கள், வயிற்றைக் காட்டுவதில்லை. பூச்சி பெரும்பாலும் குடியிருப்பது அடிப்பக்கம். இலை மேல் ஊசியால் குத்திய மாதிரி வெளிர் புள்ளிகள், பிறகு ஒரு தூசி படிந்த வெண்கல நிறம், அடியில் மெல்லிய நூலாம்படை என்றால் சிவப்புச் சிலந்திப்பேன். ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்து இலையைத் தட்டுங்கள். விழும் தூசி நடந்தால் அது தூசி இல்லை. எட்டுக் கால். சிலந்தி இனம், பூச்சி இனமே கிடையாது. அதனால்தான் பூச்சிக்கு என்று செய்த பல நஞ்சுகள் அதைக் கொல்வதில்லை. அதைத் தின்னும் பொறிவண்டையும் கண்ணாடி இறக்கைப் பூச்சியையும் கொல்கின்றன. காவலாளியைக் கொன்றுவிட்டுத் திருடனை விட்டுவைத்தால் என்ன ஆகும்? ஒருமுறை அடித்த பிறகு பேன் முன்னைவிடப் பெருகியது என்று மூன்று பேர் எனக்கு எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் "டோஸ் பத்தல" என்று சொல்லியிருப்பார்.

பேனுக்கு முதல் வைத்தியம் தண்ணீர். நாலு நாள் காலையில் இலையின் அடிப்பக்கம் படும்படி குழாயால் வேகமாக அடியுங்கள். வெயிலும் தூசியும் அதற்குக் கொண்டாட்டம், ஈரம் ஆகாது. அடங்கவில்லை என்றால் நனையும் கந்தகத்தூள், லிட்டருக்கு 2 கிராம். கந்தகமும் ரசாயனம்தானே என்று மடக்க வேண்டாம். ஆமாம், ரசாயனம்தான். எந்த நோய்க்கு, எவ்வளவு, எப்போது என்று தெரிந்து போடும் ரசாயனத்தோடு எனக்குச் சண்டை இல்லை. கத்திரி வெயிலில் போடாதீர்கள், வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும் போடாதீர்கள், இலை பொசுங்கும். இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளி மாதிரி மயிர் படர்ந்திருந்தால் அது வேறு ஒரு பேன், கண்ணுக்கே தெரியாதது. அந்தக் கிளையை வெட்டி எரிப்பதுதான் வழி. மழைக்காலத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் புழுவுக்குக் கையும் ஒரு டப்பா சோப்புத் தண்ணீரும் போதும்.

கறுத்த இலை அனுப்பியவர்கள் எல்லாரும் தென்னை மரத்தடியில் செடி வைத்திருப்பவர்கள், சரிதானா? அண்ணாந்து பாருங்கள். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ இப்போது தென்னை இருக்கும் இடமெல்லாம் இருக்கிறது. மட்டையின் அடியில் உட்கார்ந்து சாறு குடித்து, தேன் மாதிரி பிசுக்கைக் கீழே விடுகிறது. அது மல்லிகை இலையில் விழுந்து, அதன் மேல் கரும்பூஞ்சாணம் படர்கிறது. உங்கள் மல்லிகைக்கு நோயே இல்லை, மாடியில் குடியிருப்பவர் கொட்டும் எச்சில்தான். மைதா மாவை லிட்டருக்கு 25 கிராம் கணக்கில் கஞ்சியாகக் காய்ச்சி ஆறவைத்துத் தெளியுங்கள். வெயிலில் காய்ந்து, கறுப்பைச் சுரண்டிக்கொண்டு அப்பளம் மாதிரி உதிரும். அந்த ஈக்கு எதிரி என்கார்சியா என்ற கண்ணுக்கு எட்டாத குளவி. அது தென்னையில் தானாகவே வந்து வேலை செய்கிறது, நஞ்சு அடித்து அதைக் கெடுக்காதீர்கள் என்று விஞ்ஞானிகளே கெஞ்சுகிறார்கள்.

கெஞ்சுவதற்குக் காரணம் உண்டு. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது நினைவிருக்கிறதா? மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டுச் செம்பருத்தி வரை வெள்ளைப் பஞ்சாக அப்பியது. அடிக்காத நஞ்சில்லை. மேலே மெழுகுப் போர்வை போட்டிருப்பதால் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. 2010இல் பெங்களூரு ஆய்வகம் வழியாக போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அந்தப் பூச்சிக்குள் முட்டையிடும் குட்டிக் குளவிகளைக் கொண்டுவந்து வளர்த்து விட்டார்கள். ஓரிரு வருஷத்தில் அடங்கியது. பூச்சி எந்த ஊர், அங்கே அதைத் தின்பது எது என்று உட்கார்ந்து பார்த்ததால் கிடைத்த வெற்றி.

இனி இன்னொரு கூட்டத்துக்கு வருகிறேன். "இயற்கை" என்று பெயர் போட்டு வீடியோ போடும் கூட்டம். எதற்கெடுத்தாலும் மோரும் பெருங்காயமும், எதற்கெடுத்தாலும் பஞ்சகவ்யம், புதிதாக எப்சம் உப்பு. மோரில் இரும்பு இல்லை. எப்சம் உப்பு மெக்னீசியம். மெக்னீசியம் குறைந்தால் அடி இலையில் தெரியும், கொழுந்தில் தெரியாது. ஏற்கெனவே உப்பில் தத்தளிக்கும் செடிக்கு, இல்லாத நோய்க்காக இன்னொரு உப்பு! பாத்திரம் விளக்கும் திரவத்தை ஊற்றி இலையைப் பொசுக்கியவர்களும் உண்டு. இவர்களுக்கும் உரக்கடைக்காரருக்கும் பாட்டில்தான் வேறு. இரண்டு பேரும் இலையைப் பார்க்கவில்லை. வேப்பங்கொட்டைக் கரைசல் நல்லது, நானே செய்கிறேன். ஆனி ஆடியில் நம்ம தெருவில் கொட்டிக் கிடக்கும் கொட்டையைக் காயவைத்து, பருப்பை இடித்து, லிட்டருக்கு 50 கிராம் இரவு ஊறவைத்து வடிகட்டித் தெளிக்கிறேன். அது புழுவுக்கு. மஞ்சள் இலைக்கு அதையும் கேட்காதீர்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மாணவன், இப்போது தோட்டம் வைத்திருப்பவன், கோபமாக எழுதியிருந்தான். "வாசலில் ரெண்டு செடி வச்சிருக்கிறவங்க தத்துவம் பேசலாம் டீச்சர். மொட்டுப்புழு விழுந்தா எனக்கு ஒரு வாரத்துக் காசு போச்சு." உண்மை. உன்னிடம் நஞ்சே தொடாதே என்று நான் சொல்ல மாட்டேன் தம்பி, உன் பிள்ளைக்கு நானா ஃபீஸ் கட்டப்போகிறேன்? ஆனால் ஒன்று கேட்கிறேன். கத்தரிக்காய்க்கு அடித்தால் இத்தனை நாள் கழித்துப் பறி என்று லேபிளில் இருக்கும். மல்லிகையை நீ நாள் தவறாமல் விடியுமுன் பறிக்கிறாய். காத்திருக்கும் நாள் எங்கே? காய்கறியைக் கழுவுகிறோம், வேகவைக்கிறோம், அதில் எஞ்சும் நஞ்சுக்கு ஒரு வரம்பு சட்டத்தில் இருக்கிறது. பூவை யாரும் கழுவுவதில்லை. உன் வீட்டுப் பெண்கள் நாரைப் பல்லில் கடித்து அந்தப் பூவைக் கட்டுகிறார்கள். அது தலையில் ஏறி, தலையணையில் கிடந்து, கைக்குழந்தை முகத்தில் உரசுகிறது. ஆதிஜெகந்நாதப் பெருமாளுக்குச் சாத்தி, அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். ஏர்வாடி தர்காவில் பூப்போர்வையாகிறது. காய்க்கு இருக்கும் வரம்பு கூந்தலில் வைக்கும் பூவுக்கு வேண்டாமா? இதை நீயும் உன் சங்கத்து ஆட்களும் சேர்ந்து அரசிடம் கேளுங்கள், கையெழுத்துப் போட நான் வருகிறேன். அதுவரை, அடித்தால் அடித்த நாளை எழுதி வை, முகத்துக்குத் துணி கட்டு, அடுத்து வரும் பறிப்பை உன் மகள் தலையில் வைப்பாயா என்று யோசித்துவிட்டுச் சந்தைக்கு அனுப்பு.

வாசலில் இரண்டு செடி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் எதுவும் கிடையாது. உங்களுக்கு ஒரு வாரத்துக் காசு போகாது, ஒரு வாரத்துப் பூதான் போகும். ஐந்து முழம் பூவுக்காக மஞ்சள் முக்கோணத்தை வாசல்படிக்குக் கொண்டுவர என்ன அவசியம்? நீங்கள் தெளிக்கும் இடத்தில்தான் கோலம் போடுகிறீர்கள், பேரப்பிள்ளை தவழ்கிறது.

ஆகவே இனி எனக்குப் படம் அனுப்புகிறவர்கள் நாலு படம் அனுப்புங்கள்: கொழுந்து இலை, அடி இலை, இலையின் வயிறு, செடி முழுசாக அது நிற்கும் இடத்தோடு. கூடவே என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று ஒரு வரி. போர், காவிரி, ஆர்.ஓ. கழிவு, எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள், திட்ட மாட்டேன். கார்த்திகைக் கடைசியில் கவாத்து செய்தீர்களா என்றும் சொல்லுங்கள், ஆறு வருஷமாக வெட்டாத செடியைக் காட்டிப் பூக்கவில்லை என்று அழுபவர்கள் இருக்கிறார்கள். வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், காது சரியில்லை. சாயந்தரம் ஐந்து மணிக்கு மேல் பதில் போடுகிறேன். கேள்வியில் மருந்து என்ற சொல் இருந்தால் பதில் வராது.

அண்ணன் மகள் வாங்கிய மூன்று பாட்டிலும் பூட்டுப் போட்ட பெட்டியில் என்னிடம்தான் இருக்கின்றன. மண்ணில் ஊற்ற முடியாது, ஊருணிப் பக்கம் எறிய முடியாது, குப்பை வண்டியில் போடவும் மனசில்லை. வேளாண்மைத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் நாலைந்து பேர் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். திறக்காத பாட்டிலை எங்கே ஒப்படைப்பது என்று கமெண்டில் சொல்லுங்கள்.